அளவையும் தரமும்: ஆடுகள நடுவரும் தொலைக்கண்ணும்

'நடுவர்' என்னும் சொல் 'நடு' என்னும் அடியிலிருந்து பிறந்தது. இரு பக்கங்களுக்கும் இடையே நிற்பவர் என்பதே அதன் நேர்ப்பொருள். வள்ளுவர் அறத்துப்பாலில் நடுவு நிலைமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்து, துலாக்கோலை அதற்கு உவமையாக்கினார். கோல் ஒரு பக்கம் சாய்ந்தால் வணிகம் கெடும். நடுவர் ஒரு பக்கம் சாய்ந்தால் அறமே கெடும்.

நடுவராக அமர்பவரிடம் உலகம் இரண்டினை எதிர்பார்க்கிறது. ஒன்று, அவர் நேர்மையாகத் தீர்க்க வேண்டும். மற்றொன்று, தோற்றவரும் அத்தீர்ப்பை நேர்மையானதென நம்ப வேண்டும். முன்னது நடுவரின் உள்ளத்தைச் சார்ந்தது. பின்னது வழக்காடுவோரின் உள்ளத்தைச் சார்ந்தது. இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். முறை வேண்டி வந்த முதியோர், மன்னன் இளையவன் என்பதால் அவனால் வழக்கின் முடிவு காண இயலாதென ஐயுற்றனர். சோழன் நரைமுடி தரித்து முதியவனாகத் தோன்றித் தீர்ப்பு வழங்கினான். பழமொழி நானூறு கூறும் செய்தி இது. அச்சோழன் கரிகாலனே என்பது மரபு. நரைமுடி சோழனின் அறிவை எள்ளளவும் கூட்டவில்லை. வழக்காடியோரின் ஐயத்தைத்தான் போக்கிற்று.

இன்றைய விளையாட்டு உலகமும் இத்தகைய நரைமுடிகளைத் தேடி அலைகிறது. ஆடும் இரு நாடுகளையும் சாராத மூன்றாம் நாட்டவரை நடுவராக அமர்த்துவது ஒரு நரைமுடி. ஒளிப்படக் கருவியின் துணையால், களத்துக்கு வெளியே அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் தொலைக்கண் மற்றொரு நரைமுடி. இவை எவ்வாறு தோன்றின, எதைச் செய்ய வல்லன, எதைச் செய்ய இயலாதன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் மாணவர் நன்கறிந்த கிரிக்கெட்டை முதன்மையாகக் கொண்டு, கால்பந்தையும் ரக்பியையும் துணைக்கு அழைத்துக் கொள்வோம்.

மூன்றாம் நாட்டவர் வந்த கதை

நெடுங்காலம் டெஸ்ட் ஆட்டங்களில் எந்த நாட்டில் ஆட்டம் நடைபெறுகிறதோ அந்நாட்டவரே நடுவராக நின்றனர். விருந்தினராக வந்த அணி தோற்றபோதெல்லாம் நடுவர் மீது பழி விழுந்தது. ஒவ்வொரு நாடும் பிற நாட்டு நடுவரைக் குறை கூறியது. தன் நாட்டு நடுவர் மட்டும் தூயவர் என நம்பியது.

இந்நிலையை மாற்ற முன்வந்தது பாகிஸ்தான். அதன் அணித்தலைவர் இம்ரான் கான் இதில் பெரிதும் ஆர்வம் காட்டினார். 1986 ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகள் அணி பாகிஸ்தானுக்கு வந்தபோது, லாகூர் டெஸ்டில் நடுவராக நிற்க இந்தியாவிலிருந்து வி. கே. இராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் ஆகிய இருவர் அழைக்கப்பட்டனர். அரசியலில் முரண்பட்டு நின்ற அண்டை நாட்டிலிருந்தே நடுவரை வரவழைத்தது எண்ணிப் பார்க்கத்தக்கது. நம்பிக்கை அரசியலின் எல்லைக்கோட்டைக் கடந்து சென்ற நிகழ்ச்சி அது.

அடுத்த ஆண்டே எதிர்மறையான நிகழ்ச்சியொன்று இதன் தேவையை உலகுக்கு உணர்த்திற்று. 1987 டிசம்பரில் பைசலாபாத் டெஸ்டில் இங்கிலாந்து அணித்தலைவர் மைக் கேட்டிங்கும் பாகிஸ்தான் நடுவர் ஷகூர் ராணாவும் களத்தின் நடுவே விரல் நீட்டிச் சொற்போர் புரிந்தனர். மன்னிப்புக் கேட்பது யார் என்னும் பிணக்கில் ஒரு நாள் ஆட்டமே நடைபெறாது போயிற்று. 1989 இல் இந்திய அணி பாகிஸ்தானுக்குச் சென்றபோது இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஹாம்ப்ஷயரும் ஜான் ஹோல்டரும் நடுவராக நின்றனர். அத்தொடரில் தீர்ப்பு பற்றிய பூசல் பெரிதாக எழவில்லை.

இதன்பின் பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றம் படிப்படியாக விதியை அமைத்தது. 1992 இல் சோதனை முயற்சி தொடங்கிற்று. 1994 முதல் ஒவ்வொரு டெஸ்டிலும் இரு நடுவரில் ஒருவர் வெளிநாட்டவராக இருத்தல் வேண்டும் என்றாயிற்று. 2002 இல் உயர்நிலை நடுவர் குழு அமைக்கப்பட்டு, இருவருமே வெளிநாட்டவர் என்னும் நிலை வந்தது. தொடக்கத்தில் அக்குழுவில் எண்மர் இடம்பெற்றனர். அவருள் இந்தியர் ஒருவரே. அவர் தமிழகத்தின் எஸ். வெங்கட்ராகவன். 1945 இல் சென்னையில் பிறந்த இவர், கிண்டி பொறியியற் கல்லூரியில் பயின்றவர்; 57 டெஸ்டுகளில் ஆடியவர்; 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்திய அணியின் தலைவர். 1993 இல் நடுவர் பணியை ஏற்று, 2004 இல் ஓய்வு பெறுவதற்குள் 73 டெஸ்டுகளில் நடுவராக நின்றார். ஆடிய டெஸ்டுகளினும் தீர்ப்பளித்த டெஸ்டுகள் மிகுதி. மூன்றாம் நாட்டவர் விதி இல்லாதிருந்தால் அவர் பெரும்பாலும் இந்தியக் களங்களுக்குள்ளேயே அடங்கியிருப்பார். ஐயத்தைப் போக்க வந்த விதி, திறமைக்கு உலகத்தின் வாயிலையும் திறந்துவிட்டது எனலாம்.

கருவியின் வரவு

மூன்றாம் நாட்டவர் வந்த அதே காலத்தில் கருவியும் வந்தது. 1992 நவம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்தியா ஆடிய டெஸ்டில், சச்சின் டெண்டுல்கர் ரன் அவுட் ஆனாரா என்னும் வினா எழுந்தது. களத்தில் நின்ற தென்னாப்பிரிக்க நடுவர் சிரில் மிச்லி தாமே தீர்க்காமல், தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்துக் கொண்டிருந்த மூன்றாம் நடுவர் கார்ல் லீபன்பெர்க்கிடம் வினவினார். படத்தை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்து, டெண்டுல்கர் ஆட்டமிழந்தார் என அறிவிக்கப்பட்டது. தொலைக்காட்சியின் துணையால் டெஸ்டில் ஆட்டமிழந்த முதல் மட்டையாளர் அவரே.

இதில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. வினவியவரும் தென்னாப்பிரிக்கர், விடை சொன்னவரும் தென்னாப்பிரிக்கர், ஆட்டமிழந்தவரோ இந்தியர். ஆயினும் அத்தீர்ப்பு நிலைத்தது. கோட்டுக்கு இப்பால் மட்டை இருந்ததா, அப்பால் இருந்ததா என்பதைப் படம் பார்த்த எவரும் தாமே கண்டுகொள்ள முடிந்தது. சொன்னவரின் நாடு எது என்னும் கேள்விக்கே அங்கு இடமிருக்கவில்லை.

பின்னர் வந்தது தீர்ப்பு மறுஆய்வு முறை. நடுவரின் தீர்ப்பை ஏற்காத அணி, வரையறுத்த எண்ணிக்கைக்குள் மறுஆய்வு கோரலாம் என்பது இதன் அடிப்படை. 2008 இல் இந்திய அணி இலங்கையில் ஆடியபோது இது சோதிக்கப்பட்டது. 2009 இல் முறையாக நடைமுறைக்கு வந்தது. கருவியின் துல்லியத்தில் ஐயம் கொண்ட இந்திய வாரியம் இருதரப்புத் தொடர்களில் இதனை நெடுநாள் ஏற்கவில்லை. 2016 இல் இங்கிலாந்துத் தொடரிலேயே இசைந்தது.

இம்முறையில் எல்.பி.டபிள்யூ. தீர்ப்பு எவ்வாறு அமைகிறது என்பதை அறிந்து கொள்வது நலம். களத்தைச் சுற்றிப் பல கோணங்களில் அமைந்த ஒளிப்படக் கருவிகள் பந்தின் பாதையைப் படம் பிடிக்கின்றன. அப்படங்களை ஒன்றிணைத்து, பந்து எங்கே தரையில் விழுந்தது, மட்டையாளரின் காலில் எங்கே பட்டது என்பவற்றைக் கணிப்பொறி காட்டுகிறது. இதுவரை நிகழ்ந்தது அளவை. பந்து காலில் பட்டதும் அதன் உண்மைப் பாதை முடிந்துவிடுகிறது. கால் குறுக்கிடாதிருந்தால் அது ஸ்டம்பைத் தாக்கியிருக்குமா என்பதைக் கணிப்பொறி ஊகித்தே சொல்கிறது. இது அளவையன்று, அளவையின் மேல் எழுந்த மதிப்பீடு. ஆதலின் பந்தின் பாதிக்கும் குறைவான பகுதியே ஸ்டம்பைத் தாக்கும் எனக் கருவி காட்டினால், களத்தில் நின்ற நடுவர் முதலில் சொன்னதே நிலைக்கும் என விதி வகுத்தனர். பந்தை ஆட முயலாமல் காலை மட்டும் நீட்டினாரா என்னும் வினாவும் எல்.பி.டபிள்யூ. விதியில் உண்டு. மட்டையாளரின் கருத்தைப் பற்றிய இவ்வினாவுக்கு இன்றளவும் நடுவரின் மதிப்பீடே விடை.

தோல் கூடத்திலிருந்து ஓர் உவமை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் எனத் தோல் தொழிலால் வாழும் நம் வட்டாரத்தார்க்கு இவ்வேறுபாட்டை விளக்குவது எளிது. பதனிட்டு முடித்த தோல் கூடத்தை விட்டு வெளியேறுமுன் இரண்டு சோதனைகளுக்கு உட்படுகிறது. ஒன்று அளத்தல், மற்றொன்று தரம் பிரித்தல்.

அளப்பது இயந்திரத்தின் வேலை. தோலை அதனுள் செலுத்தினால், ஓரங்களின் வளைவு நெளிவுகளையெல்லாம் கணக்கிட்டு இத்தனை சதுர அடி எனக் காட்டிவிடும். இயந்திரம் சரியாக இருக்கும்வரை, அதனை இயக்குபவர் விற்பவரின் ஆளா, வாங்குபவரின் ஆளா என்பது பொருட்டன்று. ஐயம் வந்தால் மீண்டும் ஒருமுறை அளந்து பார்க்கலாம்.

தரம் பிரிப்பது அவ்வாறன்று. தோலை மேசைமேல் விரித்து, நல்ல வெளிச்சத்தில் கண்ணால் நோக்கி, விரலால் தடவி, மடித்துப் பார்த்து, அனுபவம் மிக்க ஒருவர் அதன் தரத்தைச் சொல்ல வேண்டும். உண்ணி கடித்த வடு, முள் கிழித்த கீறல், உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு ஆகியவற்றையெல்லாம் எவரும் காணலாம். அவை தோலின் எப்பகுதியில் உள்ளன, செருப்பு மேற்புறத்துக்கு அத்தோல் ஆகுமா, அன்றி உட்புறத்துக்குத்தான் ஆகுமா என்னும் முடிவு கண்டவற்றின்மேல் எழும் மதிப்பீடு. இங்குத்தான் விற்பவரும் வாங்குபவரும் மாறுபடுவர்; இங்குத்தான் தரம் சொல்பவர் யாருடைய ஆள் என்னும் வினாவும் எழும்.

ஆடுகளத் தீர்ப்புகளும் இவ்விரு வகைப்பட்டனவே. மட்டை கோட்டைக் கடந்ததா, பந்து வீச்சாளரின் பாதம் கோட்டுக்குள் இருந்ததா என்பன அளவை சார்ந்தவை. மட்டையாளர் பந்தை ஆட முயன்றாரா, ஒரு மோதல் தற்செயலானதா, தீங்கு கருதியதா என்பன தரம் சார்ந்தவை. முதல் வகையில் கருவி நம்பத்தக்கது. அதனை இயக்குபவரின் நாடு பற்றிக் கவலை வேண்டுவதில்லை. இரண்டாம் வகையில் கருவி கண்ணாகலாம், உள்ளமாக இயலாது. கண்ணும் கருவியும் எவ்வளவு கூர்மை பெற்றாலும் தீர்ப்பு மனிதனிடமே வந்து நிற்கும்.

சேப்பாக்கத்தில் இருமுறை

இதனை மெய்ப்பிக்கும் இரு நிகழ்ச்சிகள் நம் சென்னைச் சேப்பாக்கம் களத்திலேயே நிகழ்ந்துள்ளன.

முதலாவது 1999 ஜனவரியில் நடைபெற்ற இந்தியா – பாகிஸ்தான் டெஸ்ட். நடுவர் இருவரில் ஒருவர் நியூசிலாந்தின் ஸ்டீவ் டன். மற்றவர் முன்பு லாகூரில் நின்ற அதே வி. கே. இராமசாமி. இந்தியா 271 ஓட்டங்களை இலக்காகக் கொண்டு ஆடிய வேளையில், சவுரவ் கங்குலி அடித்த பந்து அருகில் நின்ற களத் தடுப்பாளர் மேல் பட்டெழுந்து விக்கெட் காப்பாளர் மொயின் கானின் கையில் சேர்ந்தது. இடையே பந்து தரையைத் தொட்டது என்பது படத்தைப் பார்த்த பலரின் கருத்து. டன் தம் துணை நடுவரைக் கலந்து பேசி, ஆட்டமிழந்ததாக அறிவித்தார். இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. டெண்டுல்கரின் 136 ஓட்டங்களும் காக்கவில்லை. ஆயினும் சேப்பாக்கத்து மக்கள் எழுந்து நின்று கைதட்டிப் பாகிஸ்தான் அணியை வாழ்த்தினர். அவ்வணியினர் களத்தைச் சுற்றி வந்து அவ்வாழ்த்தை ஏற்றனர்.

இரண்டாவது 2021 பிப்ரவரியில் நடைபெற்ற இந்தியா – இங்கிலாந்து டெஸ்ட். கொள்ளைநோய்க் காலத்தில் நாடு விட்டு நாடு செல்வது அரிதானமையால், உள்நாட்டு நடுவரே நிற்கலாமென 2020 இல் பன்னாட்டு மன்றம் விதியைத் தளர்த்தியிருந்தது. களத்திலும் இந்தியர், மூன்றாம் நடுவர் இருக்கையிலும் இந்தியர். இங்கிலாந்தின் ஜாக் லீச் வீசிய பந்து அஜிங்க்ய ரஹானேவின் காலில் பட்டுப் பின் கையுறையை உரசி மேலெழ, அதனை அருகில் நின்றவர் பிடித்தார். இங்கிலாந்து மறுஆய்வு கோரியது. மட்டையில் பந்து பட்டதா, எல்.பி.டபிள்யூ. ஆகுமா என்பவற்றைப் பார்த்த மூன்றாம் நடுவர், பந்து பின்னர்க் கையுறையில் பட்டதா என்பதைப் பாராமலே ஆட்டமிழக்கவில்லை என அறிவித்துவிட்டார். பிழை உணரப்பட்டபின் இங்கிலாந்து இழந்த மறுஆய்வு வாய்ப்பு அவ்வணிக்கே திருப்பியளிக்கப்பட்டது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோம். முன்னதில் நடுநாட்டு நடுவர் இருந்தார். கருவியின் துணை இல்லை. பின்னதில் கருவி இருந்தது. நடுநாட்டு நடுவர் இல்லை. இரண்டிலும் தீர்ப்பு வழக்குக்கு உள்ளாயிற்று. 2021 இல் கருவியிடம் உண்மை இருந்தது. கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை. படம் தானே பேசாது. எந்தக் கணத்தில் நிறுத்தி, எதைத் தேடிப் பார்க்கிறோமோ அதை மட்டுமே காட்டும்.

விளைவிலோ வேறுபாடு உண்டு. 1999 இன் தீர்ப்பு இந்தியாவுக்குப் பாதகமாயினும், அதைச் சொன்னவர் பாகிஸ்தானின் ஆள் அல்லர். இந்திய நடுவரையும் கலந்தே அவர் முடிவு சொன்னார். ஆகவே அது பிழையெனப் பேசப்பட்டதேயன்றிச் சூதெனப் பேசப்படவில்லை. 2021 இன் பிழை உள்நாட்டார் கையில் நிகழ்ந்தமையால், நடுநாட்டவர் இருந்திருக்க வேண்டாமா என்னும் குரல் உடனே எழுந்தது. நடுநாட்டு விதி பிழையை நீக்குவதில்லை. பிழையின்மேல் படியும் ஐயத்தை நீக்குகிறது. அதுவே அவ்விதியின் பயன். அதுவே அதன் எல்லையும் ஆகும்.

இராமசாமி அவர்களை மீண்டும் நினைவிற் கொள்வோம். லாகூரில் அவர் நடுநிலையாளர். சென்னையில் அவர் உள்நாட்டவர். மனிதர் ஒருவரே; கண்ணும் ஒன்றே; கற்ற விதியும் ஒன்றே. மாறியது அவர் நின்ற இடம்தான். நடுநாட்டவர் என்பது ஒருவர் வகிக்கும் இடத்தின் பெயர். நடுநிலை என்பது ஒருவர் காக்கும் பண்பின் பெயர்.

தொலைவிலிருந்து தீர்ப்பு

நடுநாட்டவரையே நாடிச் செல்ல வேண்டுமா? அவர் தம் நாட்டிலோ வேறொரு நகரிலோ அமர்ந்தபடியே படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் ஆகாதா? தகவல் தொடர்பு வளர்ந்த இந்நாளில் எழும் இயல்பான வினா இது.

இதற்கு வழி காட்டியது கால்பந்து. 2018 ஆம் ஆண்டு உலகக் கோப்பை ஆட்டங்கள் இரஷ்யாவின் 11 நகரங்களில் நடைபெற்றன. காணொளி நடுவர்களோ மாஸ்கோவில் ஒரே அறையில் அமர்ந்து எல்லா ஆட்டங்களையும் கவனித்தனர். களத்தின் ஆரவாரம் அவர்களை எட்டவில்லை. மக்களின் சினமும் எட்டவில்லை. தொலைவின் முதற்பயன் இந்த அமைதியே.

ரக்பியின் அனுபவம் இன்னும் நுட்பமானது. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் எல்லைக்குள் தரையில் பதித்துப் புள்ளி பெறும் ஆட்டம் அது, அணிக்குப் பதினைவர். உடலோடு உடல் மோதும் ஆட்டமாதலின், எது ஆட்டம், எது அத்துமீறல் எனப் பிரிப்பது கடினம். அதனால் தொலைக்காட்சி நடுவர் ஒருவர் களத்துக்கு வெளியே இருந்து துணை செய்கிறார். 2021 ஜூலையில், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நாடுகளின் ஒருங்கிணைந்த அணியாகிய 'லயன்ஸ்' தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது. தொலைக்காட்சி நடுவராக அமர இருந்த நியூசிலாந்து நாட்டவர் கொள்ளைநோய்க் கட்டுப்பாடுகளால் வர இயலாது போகவே, தென்னாப்பிரிக்கராகிய மாரியஸ் யோங்கர் அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார். ஆடும் நாட்டவரையே காணொளி நடுவராக்குவது முறையா என லயன்ஸ் தரப்பு மனம் வருந்தியது.

கேப்டவுனில் நடைபெற்ற முதல் டெஸ்டில் நிகழ்ந்ததோ எவரும் எதிர்பாராதது. தென்னாப்பிரிக்கா பெற்றதாகத் தோன்றிய புள்ளிகள், தொலைக்காட்சி மறுஆய்வுக்குப் பின் செல்லாவெனத் தள்ளப்பட்டன. லயன்ஸ் 22–17 என வென்றது. யோங்கர் தம் நாட்டுக்குச் சாய்ந்தார் எனச் சொல்ல எவருக்கும் வாய்ப்பில்லை. அதன்பின் எழுந்த பூசல் எதைப் பற்றியது? நடுநாட்டவரான ஆஸ்திரேலிய நடுவரின் தீர்ப்புகளைக் குறை கூறித் தென்னாப்பிரிக்க ரக்பி இயக்குநர் 62 நிமிடக் காணொளி ஒன்றை வெளியிட்டார். அதற்காக அவ்வாண்டு நவம்பரில் தண்டிக்கப்பட்டார். ஐயத்துக்கு உள்ளான உள்நாட்டவர் நேர்மையாளராக விளங்கினார். ஐயத்துக்கு அப்பாற்பட்ட நடுநாட்டவர் பழிக்கு உள்ளானார்.

2023 உலகக் கோப்பையில் ரக்பி அடுத்த படிக்குச் சென்றது. அத்துமீறிய ஆட்டக்காரரைக் களநடுவர் மஞ்சள் அட்டை காட்டி வெளியேற்றுவார். களத்துக்கு அப்பால் அமர்ந்த மறுஆய்வாளர் எட்டு நிமிடங்களுக்குள் படங்களை ஆராய்ந்து, அது சிவப்பு அட்டையாக உயர வேண்டுமா என முடிவு செய்வார். அவசரமின்றி, ஆரவாரமின்றி எண்ணிப் பார்க்கத் தொலைவு இடமளித்தது. ஆயினும் மோதலின் தீமை எவ்வளவு என்பதை அவரும் தம் அறிவால்தான் எடைபோட வேண்டியிருந்தது. தரம் பிரிக்கும் வேலை இடம் மாறிற்றேயன்றி மறைந்துவிடவில்லை.

தொலைக்கண்ணுக்கு மற்றொரு தளையும் உண்டு. தொலைவில் இருப்பவர் தமக்கு அனுப்பப்படும் படங்களையே காண்கிறார். அவற்றை யார் எடுக்கிறார், யார் தேர்ந்து அனுப்புகிறார் என்னும் வினா எழுகிறது. 2022 ஜனவரியில் கேப்டவுன் டெஸ்டில் இது வெளிப்பட்டது. சென்னையைச் சேர்ந்த இரவிச்சந்திரன் அஸ்வின் வீசிய பந்தில் தென்னாப்பிரிக்க அணித்தலைவர் டீன் எல்கர் எல்.பி.டபிள்யூ. ஆனார் என நடுவர் மராய்ஸ் எராஸ்மஸ் அறிவித்தார். அவரும் தென்னாப்பிரிக்கரே. எல்கர் மறுஆய்வு கோர, பந்து ஸ்டம்புக்கு மேலே சென்றிருக்கும் எனக் கருவி காட்டியது, தீர்ப்பு மாறியது. இந்திய வீரர் சிலர் ஸ்டம்பில் பொருத்திய ஒலிவாங்கியருகே சென்று, உள்ளூர் ஒளிபரப்பு நிறுவனத்தைச் சாடினர். பந்தின் பாதையைக் கணிக்கும் கருவியை இயக்குவது ஒளிபரப்பு நிறுவனமன்று. தனி நிறுவனம் ஒன்று. எனினும் சினம் அதனைப் பொருட்படுத்தவில்லை. உள்நாட்டு நடுவர் தம் நாட்டுத் தலைவருக்கு எதிராகவே கை உயர்த்தினார். ஐயமோ கருவியின்மேல் பாய்ந்தது. மனிதனை நம்பாமல் கருவியிடம் சென்றோம். அங்கும் ஐயம் நம்மைத் தொடர்ந்து வந்தது.

பிறப்பும் நேர்மையும்

அவ்வாறாயின் நடுநாட்டு விதியும் தொலைக்கண்ணும் வேண்டாவோ எனில், அன்று. இரண்டும் வேண்டுவனவே. அளவை சார்ந்த தீர்ப்புகளைக் கருவியிடம் விடுதல் அறிவுடைமை. தரம் சார்ந்த தீர்ப்புகளில், இயன்றவரை இரு பக்கமும் சாராதவரை அமர்த்துதல் நடுவருக்கும் நன்று, ஆடுவோருக்கும் நன்று. தொலைவிலிருந்து தீர்ப்பளிக்கும் வசதி பெருகினால் பயணத் தடையோ நோயோ அதற்குக் குறுக்கே நில்லா. படங்களை எடுத்து வழங்குவோரும் அவ்வாறே சாராதவராக இருத்தல் வேண்டும் என்பதை மட்டும் மறவாதிருப்போமாக.

ஆனால் விதியின் பின்னுள்ள ஐயத்தை நாம் அறமாக ஏற்றுக்கொண்டுவிடலாகாது. ஒருவர் தம் நாட்டுக்கே சாய்வார் என்னும் எண்ணத்தின் மேல் எழுந்தது இவ்விதி. ஏற்பாடு என்னும் அளவில் இது பொருந்தும். மனிதரைப் பற்றிய முடிவாக இதனைக் கொண்டால் தீங்காகும். இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடும் நாட்களில், "உங்கள் மனம் எந்தப் பக்கம்?" என்னும் கேள்வியை விளையாட்டாகவோ வினையாகவோ எதிர்கொள்ளாத முஸ்லிம் மாணவர் அரியர். பெயரைக் கொண்டு உள்ளத்தை அளக்க முயலும் கேள்வி அது. ஒருவர் எந்நாட்டில், எச்சமயத்தில் பிறந்தார் என்பதை ஓர் ஏடு சொல்லிவிடும், அது அளவை. அவர் நேர்மையாளரா, நாட்டை நேசிப்பவரா என்பது தரம். அதனை அவர் செயலைத் தொட்டுப் பார்த்தே சொல்ல வேண்டும். சதுர அடியைக் கண்டு தோலின் தரம் சொல்லும் வணிகரை நம் ஊரில் எவரும் மதிப்பதில்லை. மனிதரைப் பொறுத்தவரை மட்டும் அப்பிழையைச் செய்யலாமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம்மவர் என்பதாலேயே ஒருவருக்குச் சார்பாகப் பேசுவதும் அதே பிழைதான். திருக்குர்ஆனின் 'அந்நிஸா' அத்தியாயத்தின் 135 ஆம் வசனம், தமக்கோ தம் பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராகவே அமைந்தாலும் நீதியில் நிலைத்துச் சாட்சி பகருமாறு இறைநம்பிக்கையாளரைப் பணிக்கிறது. 'அல்மாயிதா' அத்தியாயத்தின் 8 ஆம் வசனம், ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகைமை நீதி தவறுவதற்குக் காரணமாகிவிடக் கூடாதென எச்சரிக்கிறது. முன்னது அன்பினால் வரும் சாய்வைத் தடுக்கிறது. பின்னது வெறுப்பினால் வரும் சாய்வைத் தடுக்கிறது. ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது: உறவற்ற ஒருவரைத் தேடிப்பிடித்து நீதி சொல்லுமாறு இவ்வசனங்கள் கூறவில்லை. உறவோடும் பகையோடும் வாழும் மனிதனே அவ்விரண்டையும் கடந்து நிற்குமாறு கூறுகின்றன.

நம் ஊர்த் தெருக்களிலும் ஏரிக்கரைகளிலும் சிறுவர் ஆடும் கிரிக்கெட்டுக்கு நடுநாட்டவரும் இல்லை, கருவியும் இல்லை. மட்டையாடும் அணியிலிருந்தே ஒருவன் நடுவனாக நிற்பான். தன் அணித்தோழன் கோட்டைத் தொடவில்லையெனக் கண்டு, தோழரெல்லாம் முறைத்துப் பார்த்தாலும் விரலை உயர்த்தும் சிறுவனும் அவருள் இருக்கிறான். அடுத்த நாளும் நடுவனாக நிற்க இரு அணியினரும் அவனையே அழைப்பர். கரிகாலன் தரித்த நரைமுடி அவனுக்குத் தேவைப்படுவதில்லை.